மதுரையிலேயே கரண்ட் வைப்பதா, எம்.ஆர்.லினாக் தேடிப் போவதா? 0.35 டெஸ்லா பற்றி என் கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சோழவந்தானிலிருந்து பெரியப்பா மகன் போன் செய்தான். பெரியப்பாவுக்குக் கணையத்தில் கட்டி. பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதால் அறுவை செய்ய முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். ஆறு மாதம் கீமோ போட்டு, வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேனில் தெரிந்த பிறகு, அடுத்தது கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்ற இடத்தில் வந்து நின்றது.

"அண்ணே, ஒரு டாக்டர் இங்கயே வச்சுக்கலாம்கிறார். இன்னொருத்தர் எம்.ஆர்.லினாக் இருக்கிற ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கங்கிறார். அதுலயும் ரெண்டு வகையாம், ஒண்ணு 1.5 டெஸ்லா, ஒண்ணு 0.35. நம்ம ஊர் ஸ்கேன் சென்டர்லயே 1.5 இருக்கே, அப்புறம் எதுக்குண்ணே 0.35க்காக யாராவது அலையணும்?"

இந்தக் கேள்வியை இதற்கு முன்னும் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். லினாக் என்பது கரண்ட் வைக்கும் இயந்திரம், அதோடு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் எம்.ஆர்.லினாக். டெஸ்லா என்பது அந்தக் காந்தத்தின் பலத்தை அளக்கும் அலகு. நான் மதுரையில் கதிர்வீச்சுப் பிரிவில் பதினாறு வருடமாக டெக்னீஷியன். படுக்கையில் ஆளைப் படுக்க வைத்து, மார்க்கிங் கோட்டை லேசரோடு பொருத்தி, கதவை மூடிவிட்டுக் கன்சோலில் உட்காருகிறவன். டோஸ் முடிவு செய்வது டாக்டர், கணக்குப் போடுவது பிசிசிஸ்ட் என்கிற இயற்பியலாளர். ஆனால் ஒவ்வொரு நாளும் கட்டி இருக்கும் இடத்தை இயந்திரம் பார்க்கிறதா இல்லையா என்பதை முதலில் பார்ப்பது என் போன்ற ஆட்கள்தான். அந்த இடத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் தம்பியின் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. சின்ன ஊர்களில் ஒரு காலத்தில் நிரந்தரக் காந்தம் வைத்த திறந்த எம்.ஆர்.ஐ. இருந்தது, இன்னும் சில இடங்களில் இருக்கிறது. 0.2, 0.3 டெஸ்லா. அதில் எடுத்த மூளைப் படத்தையோ முதுகுத்தண்டுப் படத்தையோ கொண்டுபோய்க் காட்டினால், டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு "1.5ல எடுத்துட்டு வாங்க" என்று திருப்பி அனுப்புவார். அந்த அனுபவம் உள்ள குடும்பத்துக்கு 0.35 என்று கேட்டாலே பழைய மெஷின் என்று தோன்றுவதில் தப்பே இல்லை. காந்தப்புலம் குறைந்தால் உடம்பிலிருந்து வரும் சிக்னல் குறையும், சிக்னல் குறைந்தால் படம் சொரசொரப்பாகும், நுணுக்கம் தெரியாது. அது உண்மை.

ஆனால் அந்தப் படம் நோயைக் கண்டுபிடிக்க எடுத்தது. கரண்ட் வைக்கும்போது நோய் என்ன என்று யாரும் தேடுவதில்லை, அது பயாப்சியிலேயே தெரிந்துவிட்டது. இந்த நிமிடம், இந்த மூச்சில், கட்டி எங்கே இருக்கிறது, பக்கத்துக் குடல் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் கேள்வி. அதைச் சொல்ல 0.35 டெஸ்லா போதும். அதிலும் கதிர்வீச்சு உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே, நிறுத்தாமல், விடாமல் சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே இல்லாததால் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நாங்கள் தினமும் பயன்படுத்துவது என்னவென்றால், லினாக்கோடு சேர்ந்தே இருக்கும் சி.பி.சி.டி. என்ற எக்ஸ்ரே ஸ்கேன். ஆளைப் படுக்க வைத்ததும் இயந்திரம் அவரைச் சுற்றி ஒரு நிமிடம் போலச் சுழன்று படம் எடுக்கும். அதை, சிகிச்சைக்கு முன் திட்டம் போட எடுத்த பிளானிங் சி.டி. படத்தின் மேல் வைத்துப் பொருத்தி, படுக்கையை ரெண்டு மில்லிமீட்டர் மேலே, மூன்று மில்லிமீட்டர் இடது என்று நகர்த்திவிட்டு பீம், அதாவது கதிர்க்கற்றை, கொடுப்போம். எலும்பு அதில் அழகாகத் தெரியும். நுரையீரலில் சுற்றிலும் காற்று இருப்பதால் கட்டி தனியாகத் தெரியும். தலை, கழுத்து, மூளை என்றால் மாஸ்க் போட்டுவிடுவதால் அசைவே கிடையாது. இதற்கெல்லாம் வேறு ஊர் தேட வேண்டிய அவசியமே இல்லை.

வயிறுதான் சங்கடம். பெரியப்பாவைப் போன்ற ஒருவரின் வயிற்றுப் படத்தைத் திரையில் பார்த்தால், முதுகெலும்பு மட்டும் வெள்ளையாக நிற்கும், அதற்கு முன்னால் எல்லாமே ஒரே சாம்பல் நிறத்தில் கரைத்துவிட்ட கூழ் மாதிரி இருக்கும். குடலில் வாயு இருந்தால் அது மூச்சோடு நகர்ந்து படம் முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு இழுத்துவிடும். கணையம் எது, அதை ஒட்டிப் போகும் முன்சிறுகுடல் எது என்று பதினாறு வருடம் பார்த்த கண்ணுக்கும் தெரியாது. எலும்பை வைத்துப் பொருத்திவிட்டு, பித்தக்குழாயில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் இருந்தால் அதை ஒரு அடையாளமாக வைத்துக்கொண்டு, கட்டி அதற்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில் பீம் கொடுக்கிறோம். நம்பிக்கை தப்பினாலும் கட்டி விட்டுப்போகக் கூடாது என்பதற்காகச் சுற்றிலும் கூடுதலாக ஒரு ஓரம் விட வேண்டும். அந்த ஓரத்துக்குள்தான் முன்சிறுகுடல் இருக்கிறது. குடல் அதிக டோஸ் தாங்காது, புண்ணாகும், ரத்தம் கசியும், ஓட்டைகூட விழலாம். அதனால் கட்டிக்குக் கொடுக்க வேண்டிய டோஸைக் குடல் தாங்குகிற அளவுக்கு இறக்கிவிடுகிறோம். கணையக் கட்டிக்கு நாங்கள் வழக்கமாகக் கொடுப்பது 28 சிட்டிங்கில் 50.4 கிரே, கிரே என்பது டோஸை அளக்கும் அலகு. அது வளர்ச்சியைக் கொஞ்ச காலம் தடுத்து வைக்கும், முழுக்க அழிக்கும் டோஸ் இல்லை.

0.35 டெஸ்லா இயந்திரம் இந்த இடத்தில்தான் கணக்கை மாற்றுகிறது. எம்.ஆர்.ஐடியன் என்பது அதன் பெயர், அமெரிக்காவின் வியூரே கம்பெனி தயாரித்தது. 2014ல் செயின்ட் லூயிஸ் நகரில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை கொடுத்தபோது அதில் லினாக் கிடையாது, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள்தான் மூன்று இடத்தில் இருந்தது. லினாக் வைத்த மாடலுக்கு 2017ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. காந்தத்தை இரண்டு துண்டாகப் பிரித்து நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள், அந்த இடைவெளி வழியே பீம் போகும்.

அதன் வேலையை ஒரு கருத்தரங்கில் திரையில் போட்டுக் காட்டினார்கள். அந்தக் காட்சி என் மனதை விட்டுப் போகவில்லை. உடம்பைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு படம், வினாடிக்கு நான்கு முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கிறது. கட்டியைச் சுற்றி ஒரு கோடு, அதற்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு. மூச்சு இழுக்க இழுக்கக் கட்டி கீழே இறங்குகிறது, வெளிக்கோட்டைத் தாண்டியதும் பீம் தானாக நின்றுவிடுகிறது. திரும்பி உள்ளே வந்ததும் மறுபடி ஓடுகிறது. படுத்திருப்பவருக்கும் அந்தப் படம் தெரிகிறது, அவரே பார்த்துப் பார்த்து மூச்சைப் பிடித்துக் கட்டியைக் கோட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துகிறார். படம் ஒன்றும் பிரமாதமில்லை. புள்ளிப் புள்ளியாக, பழைய டி.வி. போலத்தான் இருந்தது. ஆனால் கட்டி எங்கே, குடல் எங்கே என்று அறையின் கடைசி வரிசையில் இருந்த எனக்கே தெரிந்தது. எங்கள் கன்சோலில் ஒரு நாளும் நான் பார்க்காத காட்சி அது.

இரண்டாவது விஷயம், தினமும் பிளானையே மாற்றுவது. இன்றைக்கு வயிற்றில் வாயு அதிகம், குடல் கட்டியை நோக்கி ஒரு சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது என்று காலைப் படத்தில் தெரிந்தால், ஆள் படுக்கையில் படுத்திருக்கும்போதே டாக்டர் குடலின் எல்லையைத் திரும்ப வரைந்து, பிசிசிஸ்ட் புதுக் கணக்குப் போட்டு, அன்றைய குடலுக்கு ஏற்ற பிளானைக் கொடுத்துவிடுவார்கள். இந்த முறையில் 5 சிட்டிங்கில் 50 கிரே கொடுக்க முடிகிறது. 28 தடவையில் கொடுத்த 50ஐவிட 5 தடவையில் கொடுத்த 50 பல மடங்கு காட்டமானது. கதிர்வீச்சுக் கணக்கில் கட்டியின் மேல் இருக்கும் தாக்கத்தை ஒப்பிட்டால் முதலாவது கிட்டத்தட்ட 60, இரண்டாவது 100.

இதை வைத்து ஸ்மார்ட் என்ற பெயரில் ஒரு சோதனை நடந்தது. கணையக் கட்டி உள்ள 136 பேர், எல்லாருக்கும் 0.35 டெஸ்லா இயந்திரத்தில் 5 சிட்டிங்கில் 50 கிரே. முதல் மூன்று மாதத்தில் சிகிச்சையால்தான் என்று உறுதியாகச் சொல்லும்படியான கடுமையான குடல் பாதிப்பு ஒருவருக்கும் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு அந்தச் சோதனையில் கிடையாது. குடல் தாங்கியது என்று அதிலிருந்து சொல்லலாம், இத்தனை மாதம் ஆயுள் கூடியது என்று சொல்ல முடியாது. தம்பியிடமும் இதையே சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சரி, அப்படியானால் 1.5 டெஸ்லா எம்.ஆர்.லினாக் இன்னும் நல்லதுதானே? அது எலெக்டா கம்பெனியின் யூனிட்டி, நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் உருவாகி 2017ல் முதல் நோயாளியைப் பார்த்தது. படம் நிச்சயம் அதில் தெளிவு. கட்டியின் ஓரம் கத்தி வைத்து வெட்டினாற்போல இருக்கும். அதைவிட முக்கியம், கட்டிக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு சுலபமாக அலைகின்றன என்று அளக்கும் டிஃப்யூஷன் படம் அதில் நம்பும்படி வரும். செல்கள் நெருக்கமாக இருந்தால் நீர் அலைய இடமில்லை, செல்கள் செத்து உடைந்தால் இடம் கிடைக்கும். அந்த அளவு மாறுவதை வைத்து, கட்டி சுருங்குவதற்கு முன்பே சிகிச்சை பிடிக்கிறதா என்று பார்க்கலாம். 0.35லும் இதை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், ஆனால் சிக்னல் குறைவாக இருப்பதால் இன்றைய எண்ணுக்கும் நாளைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கட்டியால் வந்ததா, படத்தின் சொரசொரப்பால் வந்ததா என்று பிரிப்பது கஷ்டம்.

அதனால் என் பிரிப்பு இப்படி. கட்டியின் இடத்தைக் கண்காணிக்க 0.35 போதும். கட்டியின் குணம் மாறுவதைக் கண்காணிக்க 1.5 வேண்டும். எல்லாரும் கண்காணிப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவதால் இந்த இரண்டும் ஒன்றாகக் கலந்துபோகிறது.

குறைந்த புலத்துக்கு அதன் சொந்தச் சாதகங்களும் உண்டு. காந்தப்புலத்துக்குள் எலக்ட்ரான் நேராக ஓடாது, வளையும். கதிர்வீச்சு உடம்புக்குள் தட்டிவிடும் எலக்ட்ரான்கள், குடலில் வாயு இருக்கும் இடத்தில் சதையை விட்டு வெளியே வந்ததும், வட்டமடித்துத் திரும்பி வந்து அதே குடல் சுவரிலேயே விழும். அந்த இடத்தில் டோஸ் ஏறிவிடும். 1.5ல் இது பெரிய விஷயம். பிளானிங் மென்பொருள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றாலும் வாயு சொன்ன பேச்சைக் கேட்காது, படம் எடுத்த பிறகும் நகரும். 0.35ல் இந்த வளைவு குறைவு, கவலையும் குறைவு. உடம்பு சூடாவதும் அப்படித்தான். ரேடியோ அலையால் வரும் சூடு புலத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், அதே மாதிரி படம் எடுத்தால் 1.5ல் வரும் சூட்டில் பதினெட்டில் ஒரு பங்குதான் 0.35ல். உலோகத்தைச் சுற்றிப் படம் கோணலாகிக் கறுப்பாவதும் குறைவு. சத்தமும் குறைவு.

இன்னொன்று. 0.35 இயந்திரத்தில் மூச்சுக்கு ஏற்ப பீமைத் தானாக நிறுத்தி ஓட்டும் வசதி ஆரம்பத்திலிருந்தே உண்டு. 1.5 இயந்திரத்தில் தொடக்கத்தில் அது இல்லை, பிறகுதான் வந்தது. 1.5 இருக்கும் ஒரு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால் அந்த வசதியை வாங்கியிருக்கிறார்களா என்று நேராகக் கேளுங்கள். கல்லீரல், கணையத்துக்கு இதைக் கேட்காமல் டெஸ்லாவை மட்டும் கேட்டுவிட்டு வருவதில் பயனில்லை. மூச்சில் கல்லீரல் ஒரு சென்டிமீட்டர், சிலருக்கு இரண்டு சென்டிமீட்டருக்கு மேலும் இறங்கி ஏறும். அந்த நேரத்தில் பீம் நிற்காவிட்டால் படம் எவ்வளவு தெளிவாக இருந்து என்ன?

0.35 பக்கம் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. வியூரே கம்பெனி 2023ல் திவால் நோட்டீஸ் கொடுத்தது. பிறகு மறுபடி தொழிலுக்குத் திரும்பியது என்றாலும், ஒரு காந்தத்தையும் லினாக்கையும் சேர்த்து ஓட்டும் இயந்திரத்துக்கு உதிரி பாகமும் சர்வீஸ் ஆளும் நின்றுபோனால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். லினாக் ஒரு நாள் படுத்தால் அன்றைக்கு வந்த அத்தனை பேரையும் திருப்பி அனுப்ப வேண்டும், திண்டுக்கல்லிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறி வந்தவர்கள் அவர்கள். ஒரு மருத்துவமனை வாங்குவதாக இருந்தால் இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பலமுறை யோசிக்கச் சொல்வேன். நோயாளியாகப் போகிறவர் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை, இயந்திரம் இப்போது ஓடுகிறதா, சமீபத்தில் நின்றதா என்று கேட்டால் போதும்.

இரண்டுக்கும் பொதுவான சங்கடம் நேரம். எங்கள் லினாக்கில் ஒருவர் உள்ளே போய் வெளியே வர கால் மணி நேரம். எம்.ஆர்.லினாக்கில் தினமும் பிளான் மாற்றும் சிகிச்சை என்றால் முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஆகும், எம்.ஆர்.ஐ. குழாய்க்குள், கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, அசையாமல். முதுகு வலியோடு வருகிறவருக்கு, மூடிய இடத்தைக் கண்டு பயப்படுகிறவருக்கு இது சாதாரணம் இல்லை. ஆளே பாதியில் எழுந்து வந்துவிட்டால் எந்த டெஸ்லாவும் உதவாது.

மதுரையில் நான் பார்த்த வரை எம்.ஆர்.லினாக் எங்கும் இல்லை. நாட்டிலேயே விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான். ஆகவே இது எல்லாருக்கும் பொருந்துகிற யோசனை இல்லை. போகவே வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்கிறவர்கள்தான் அதிகம்.

செல்லூரில் எங்கள் தெருவில் தறி ஓட்டும் வீட்டு அக்கா ஒருவர். கர்ப்பப்பை வாய்ப் புற்று. யாரோ சொன்னதைக் கேட்டு, எம்.ஆர்.ஐ. பார்த்துக்கொண்டே கரண்ட் வைப்பார்களாம், அங்கே போகலாமா என்று கேட்டார். நான் வேண்டவே வேண்டாம் என்றேன். இந்த நோய்க்கு வெளியிலிருந்து ஐந்து வாரம் வைத்துவிட்டு, அப்புறம் பிராக்கி என்கிற உள் கதிர்வீச்சு வைக்க வேண்டும், எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டித் தள்ளும் ஒவ்வொரு நாளும் நோய் கட்டுப்படும் வாய்ப்பில் ஒரு சதவீதம் வரை போகும் என்று பழைய ஆய்வுகளே சொல்லியிருக்கின்றன. வெளியூர் போக இடம் பிடித்து, தேதி வாங்கி, தறியை யாரிடமாவது ஒப்படைத்து என்று மூன்று வாரம் போய்விட்டால், எந்த இயந்திரமும் அதைத் திருப்பித் தராது. பிராக்கிக்குப் பதிலாக வேறு எதையும் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள்.

அவருக்கு நான் சொன்ன வழி வேறு. ஐந்தாவது வாரம், பிராக்கிக்கு முன்னால், இங்கேயே 1.5 டெஸ்லா ஸ்கேன் சென்டரில் ஒரு எம்.ஆர்.ஐ. இந்த நோயில் வெளிக் கதிர்வீச்சிலேயே கட்டி நன்றாகச் சுருங்கும். எவ்வளவு சுருங்கியது, எந்தப் பக்கம் மிச்சம் நிற்கிறது என்று பார்த்து உள் கதிர்வீச்சின் அளவை அதற்கேற்ப அமைக்கலாம். கட்டியைக் கண்காணிப்பதில் நம் ஊரிலேயே கிடைக்கும் மிகப் பெரிய லாபம் இதுதான், அதற்கு எம்.ஆர்.லினாக் வேண்டாம். தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு அரை லிட்டர் தண்ணீர் குடித்து முக்கால் மணி நேரம் காத்திருக்கச் சொல்வோம் இல்லையா, அதைத் தவறாமல் செய்வதும் சிகிச்சையில் பாதி. மூத்திரப்பை நிரம்பும் அளவைப் பொறுத்துக் கர்ப்பப்பை சென்டிமீட்டர் கணக்கில் நகரும். அந்த அக்கா பச்சை நிற பாட்டில் ஒன்றில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு வந்தார், 25 நாளும் அதே பாட்டில்.

தொண்டை, வாய்ப் புற்றுக்கும் இங்கேயே இருங்கள். ஆள் இளைத்து மாஸ்க் தொளதொளவென்று ஆனால் மூன்றாவது, நான்காவது வாரத்தில் திரும்ப சி.டி. எடுத்துப் பிளானை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அது போதும். இடது மார்பகப் புற்று என்றால் மூச்சை இழுத்துப் பிடித்து இதயத்தைத் தள்ளி வைக்கும் முறை இங்கேயே செய்கிறோம்.

புராஸ்டேட் நடுவில் நிற்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தில் மிராஜ் என்ற சோதனையில் 156 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள், ஒரு பக்கம் சி.டி. வழிகாட்டல், சுற்றிலும் 4 மில்லிமீட்டர் ஓரம். இன்னொரு பக்கம் எம்.ஆர்.ஐ. வழிகாட்டல், 2 மில்லிமீட்டர் ஓரம். சிகிச்சை முடிந்த கையோடு வரும் சிறுநீர்த் தொல்லை, மருந்து தேவைப்படும் அளவுக்கு, முதல் பக்கம் 43 சதவீதம் பேருக்கு, எம்.ஆர்.ஐ. பக்கம் 24 சதவீதம். 2023ல் வெளியானது. இரண்டு மில்லிமீட்டர் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது. அது நடந்ததும் 0.35 இயந்திரத்தில்தான். ஆனாலும் திருப்பரங்குன்றத்திலிருந்து வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு, இடம் காட்டும் அடையாளமாகத் தங்க விதை என்ற சின்னத் துணுக்கை உள்ளே வைத்துச் சாதாரண லினாக்கிலேயே நன்றாக முடியும் என்றுதான் சொன்னேன். சில வாரம் எரிச்சல் கூடுதலாக இருக்கலாம், அதற்கு மாத்திரை இருக்கிறது. வசதியும் துணைக்கு ஆளும் இருப்பவர் போகட்டும், கடன் வாங்கிப் போக வேண்டிய காரியம் இல்லை.

பெரியப்பாவுக்கு இந்த மூன்று வழிதான். இங்கேயே 28 சிட்டிங், ஐந்தரை வாரம், தினமும் சோழவந்தானிலிருந்து வந்து போகலாம், டோஸ் குறைவு. சென்னையில் தங்க விதை வைத்து எக்ஸ்ரேயால் விதையைத் துரத்தும் சைபர்நைஃப் போன்ற முறை, கட்டி எங்கே என்று நன்றாகத் தெரியும், ஆனால் பக்கத்துக் குடல் எங்கே என்று தெரியாது, விதை வைக்கத் திரும்ப ஒரு எண்டோஸ்கோப்பி. அல்லது எம்.ஆர்.லினாக், 5 சிட்டிங், போய் வர இரண்டு வாரம். ஐந்தரை வாரம் தினசரி அலைச்சலும் இரண்டு வாரம் வெளியூர்த் தங்கலும் செலவில் நினைத்த அளவுக்கு வித்தியாசப்படவில்லை என்பது கணக்குப் போட்ட பிறகுதான் தெரிந்தது. சிகிச்சைக் கட்டணம்தான் வித்தியாசம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் எது வரும், எது வராது என்பதை அந்தந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் ஏசி மூன்றடுக்கிலும் கட்டணம் கிடையாது, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. மருத்துவமனை கொடுக்கும் சான்று வேண்டும். இது தெரியாமல் முழு டிக்கெட் எடுத்துப் போகிறவர்கள் நிறையப் பேர்.

நான் எம்.ஆர்.லினாக் என்றேன். கட்டி நகரும் இடத்தில் இருக்கிறது, அதை ஒட்டிக் குடல் இருக்கிறது, சாதாரண இயந்திரத்துக்கு இரண்டுமே தெரியாது, டோஸ் கூடினால் பலன் கூட வாய்ப்பிருக்கிறது, ஐந்து சிட்டிங்கில் முடிகிறது. இத்தனையும் ஒன்றாகச் சேர்கிறவர்கள் குறைவு, பெரியப்பாவுக்குச் சேர்கிறது. 0.35 கிடைத்தாலும் சரி, மூச்சுக்குப் பீமை நிறுத்தும் வசதியோடு 1.5 கிடைத்தாலும் சரி, எது முதலில் தேதி கொடுக்கிறதோ அதற்குப் போகச் சொன்னேன்.

அவரால் முடியுமா என்று பார்க்க அடுத்த ஞாயிறு சோழவந்தான் போனேன். 0.35 இயந்திரத்தில் 3டி படம் எடுக்க ஒரே மூச்சில் 17 முதல் 25 வினாடி வரை பிடிக்க வேண்டும். திண்ணையில் படுக்க வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கச் சொல்லி, தம்பி போனில் வினாடி எண்ணினான். முதல் தடவை 11. பெரியம்மா வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர், "வாய்க்கால்ல முங்குனா எந்திரிக்கவே மாட்டாரு இவரு" என்றார். பெரியப்பாவுக்கு அது ரோசம். "எதுவரைக்கும்டா பிடிக்கணும்?" என்று என்னைக் கேட்டார். 25 என்றேன். நான்காவது தடவை 19 வந்தது. ஆறு மாதக் கீமோவுக்குப் பிறகு 19. கை மட்டும் வலிக்கிறது என்றார். தலையணையைக் கைக்கு அடியில் கொடுத்தால் அரை மணி நேரம் இருக்கிறார் என்பதையும் குறித்துக்கொண்டோம், போகிற இடத்தில் டெக்னீஷியனிடம் முதல் நாளே சொல்ல வேண்டும்.

ஒரு இடத்தில்தான் மாட்டிக்கொண்டோம். மஞ்சள் காமாலை வந்தபோது ஈ.ஆர்.சி.பி. என்ற எண்டோஸ்கோப்பி செய்து பித்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். எம்.ஆர்.லினாக் இருக்கும் மருத்துவமனை முதலில் கேட்டதே அதைத்தான், எந்தக் கம்பெனி, எந்த மாடல். டிஸ்சார்ஜ் தாளில் மெட்டல் ஸ்டென்ட் வைக்கப்பட்டது என்று ஒரே வரி. ஸ்டென்டோடு வரும் அட்டையை யாரும் கொடுக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. புலம் குறைவுதானே, 0.35ல் ஒன்றும் ஆகாது என்று நினைக்கக் கூடாது. உடம்புக்குள் இருக்கும் பொருள்களுக்கு எந்தெந்தப் புலத்தில் சோதித்தார்கள் என்று குறிப்பிட்டுத்தான் அனுமதி எழுதியிருக்கும், பெரும்பாலும் 1.5, 3 என்று. 0.35 அதில் இல்லாவிட்டால் அங்கே இருக்கும் பிசிசிஸ்ட் தனியாகப் பார்த்து முடிவு செய்ய வேண்டியிருக்கும், அதற்கு மாடல் பெயராவது கையில் வேண்டும்.

தம்பி மூன்று நாள் அந்த மருத்துவமனையின் ரெக்கார்ட் அறைக்கும் எண்டோஸ்கோப்பி பிரிவுக்கும் நடந்தான். கடைசியில் ஒரு சிஸ்டர் ஸ்டோர் ரிஜிஸ்டரைப் புரட்டி, அன்றைய தேதியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக் கொடுத்தார். அதைப் பிரிண்ட் போட்டு, பிளானிங் சி.டி. குறுந்தகடு, கீமோவுக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேன்கள், பயாப்சி தாள், ரயில் சலுகைச் சான்று எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்திருக்கிறோம். ஸ்டிக்கர் மேலே இருக்கிறது. புதன்கிழமை ராத்திரி ரயில்.

நேற்றுப் போன் செய்தபோது பெரியப்பாவே எடுத்தார். 24 வந்துவிட்டது என்றார்.